எந்தக் குறையை முதலில் தீர்ப்பது? மருத்துவமனைத் தரக் குழுக்களும் முன்னுரிமைக் கருவிகளும்

மருத்துவமனையின் தரத்தை உயர்த்தும் பணியில் இருப்பவர்களுக்குக் குறைகளைக் கண்டுபிடிப்பது கடினமான வேலையன்று. அரசு மருத்துவமனைகளுக்காக 2013இல் கொண்டுவரப்பட்ட தேசிய தர உறுதித் தரநிலைகளின் சரிபார்ப்புப் பட்டியலை எடுத்துக்கொண்டு ஒரு பிரசவ அறைக்குள் நுழைந்து, கண்ணால் பார்த்தும், பதிவேடுகளைப் புரட்டியும், பணியாளர்களிடமும் நோயாளிகளிடமும் கேட்டும், ஒவ்வோர் அம்சத்துக்கும் 0, 1, 2 என்று மதிப்பெண் இட்டுவிட்டு வெளியே வந்தால், பக்கம் பக்கமாகக் குறைகள் கையில் இருக்கும். அவற்றுள் எதை இந்த மாதம் எடுத்துக்கொள்வது, எதை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைப்பது என்று முடிவெடுக்கும் இடத்தில்தான் பெரும்பாலான குழுக்கள் தடுமாறுகின்றன. பிரசவ அறைகளுக்கும் மகப்பேறு அறுவை அரங்குகளுக்கும் என்று 2017 டிசம்பரில் லக்‌ஷ்யா என்ற தர மேம்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்ட பிறகு இந்தத் தடுமாற்றத்தை இன்னும் அருகிலிருந்து பார்க்க முடிந்தது.

அந்த மதிப்பெண் முறையின் இயல்பை முதலில் கவனிக்க வேண்டும். திசைகாட்டும் பலகை இல்லையென்றாலும் இரண்டு மதிப்பெண் போகும். பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்குக்கான அவசர மருந்துத் தட்டு இல்லையென்றாலும் அதே இரண்டுதான் போகும். சான்றிதழுக்கு 70 விழுக்காடு எட்ட வேண்டும் என்ற நெருக்கடியில் இருக்கும் குழு, இயல்பாகவே, பலகையை முதலில் மாட்டும். அதில் யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் மதிப்பீட்டுக்காகத் தயாரிக்கப்பட்ட பட்டியல் முன்னுரிமைப் பட்டியலாக முடியாது. முன்னுரிமையைத் தீர்மானிக்கத் தனியான கருவிகள் இருக்கின்றன. அவற்றில் ஒவ்வொன்றும் வெவ்வேறு கேள்விக்கு விடை சொல்கிறது. நம் கேள்வி எது என்று தெளிவதற்கு முன்பே கருவியைக் கையில் எடுத்துவிடுவதுதான் பயிற்சி வகுப்புகளில் நான் மீண்டும் மீண்டும் காணும் சிக்கல்.

இதில் மிகவும் புகழ்பெற்றது பரேட்டோ வரைபடம். இத்தாலியப் பொருளியலாளர் வில்ஃபிரெடோ பரேட்டோ செல்வம் ஒரு சிலரிடமே குவிந்திருப்பதைக் கணக்கிட்டுக் காட்டினார். தரக் கட்டுப்பாட்டு வல்லுநர் ஜோசஃப் ஜூரான் பின்னாளில் அதே போக்கு உற்பத்திக் குறைகளிலும் இருப்பதைக் கண்டு அதற்குப் பரேட்டோவின் பெயரையே வைத்தார். செய்முறை எளியது. குறைகளை வகைப்படுத்தி, எண்ணிக்கை அதிகமானதிலிருந்து குறைவானது வரை தூண்களாக வரிசைப்படுத்தி, அவற்றின் மேல் கூட்டு விழுக்காட்டுக் கோட்டை வரைந்தால், எந்த இரண்டு மூன்று வகைகள் பெரும்பகுதியை நிரப்புகின்றன என்பது ஒரே பார்வையில் தெரியும். வெளிநோயாளிப் பிரிவில் காத்திருப்பு ஏன் நீள்கிறது, ஆய்வக மாதிரிகள் ஏன் நிராகரிக்கப்படுகின்றன, அறுவை சிகிச்சைகள் கடைசி நேரத்தில் ஏன் ரத்தாகின்றன என்பன போன்ற கேள்விகளுக்கு இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது. இத்தகைய குறைகள் அடிக்கடி நிகழ்பவை. ஒன்றுக்கொன்று ஏறத்தாழ ஒரே அளவு தீங்கு செய்பவை. ஆய்வக மேசையில் ஒரு தாளை ஒட்டி, மாதிரி உறைந்துவிட்டது, பெயர்ச்சீட்டு இல்லை, அளவு போதவில்லை என்று தலைப்பிட்டு, நான்கு கோட்டுக்குக் குறுக்கே ஐந்தாவது கோடாகப் போட்டு வந்தாலே சில வாரங்களில் படம் தயாராகிவிடும்.

தீங்கின் அளவு ஒன்றுபோல இல்லாத இடத்தில்தான் பரேட்டோ வழிதவறச் செய்கிறது. விளக்கத்துக்காக ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம். ஒரு பிரசவ அறையில் பதிவான 100 குறைகளில் 45 முழுமையாக நிரப்பப்படாத கேஸ் ஷீட்டுகள், 30 விரிப்பு மாற்றுவதில் தாமதம், 23 பிறப்புத் துணையாளருக்கு இடமில்லை என்ற புகார், மீதி 2 மட்டுமே ரத்தப்போக்கைத் தாமதமாகக் கண்டறிந்த நிகழ்வுகள் என்று இருந்தால், வரைபடம் கேஸ் ஷீட்டைத்தான் முதலில் தீர்க்கச் சொல்லும். ஒரு தாயின் உயிரைப் பறிக்கக்கூடிய அந்த இரண்டும் வலது ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத தூணாக நிற்கும். விறகுக்கடைத் தராசில் தங்கத்தை நிறுப்பதற்கு ஒப்பானது இது. தூண்களுக்குத் தீங்கின் அளவுக்கேற்ற எடை கொடுத்து வரையலாம் என்று சிலர் சொல்வார்கள், செய்யலாம்தான். ஆனால் அந்த எடையை யார், எந்த அடிப்படையில் தீர்மானித்தார் என்பதைப் படத்துக்குக் கீழேயே எழுதிவைக்காவிட்டால் ஒருவருடைய கருத்து எண்ணின் உடையில் வந்து உட்கார்ந்துவிடும்.

பரேட்டோவில் இன்னும் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். வகைகளைப் பிரிக்கும் விதமே வரிசையை மாற்றிவிடும். மருந்து தொடர்பான குறைகளை ஒரே தலைப்பில் சேர்த்தால் அது முதலிடம் பிடிக்கும். தவறான அளவு, தவறான நேரம், தவறான நோயாளி, கையிருப்பில் இல்லாமை என நான்காகப் பிரித்தால் நான்கும் கீழே இறங்கிவிடும். ஆகவே எண்ணத் தொடங்குவதற்கு முன்பே தலைப்புகளை உறுதிசெய்துகொள்ள வேண்டும். அடுத்தது, எந்த எண்ணால் வகுக்கிறோம் என்பது. ஒரு வார்டில் 6 நோயாளிகள் கீழே விழுந்தார்கள், இன்னொன்றில் 3 பேர் என்றால் முதல் வார்டு மோசம் என்று தோன்றும். ஒரு நோயாளி ஒரு நாள் தங்கினால் அது ஒரு நோயாளி-நாள்; முதல் வார்டின் நோயாளி-நாட்கள் 3,000, இரண்டாவதன் நோயாளி-நாட்கள் 1,000 என்றால், ஆயிரம் நோயாளி-நாட்களுக்கு முறையே 2, 3 என்று கணக்கு தலைகீழாகிவிடும்.

சில நேரங்களில் முன்னுரிமையைப் பற்றிப் பேசுவதற்கு முன்பாகவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இது உண்மையிலேயே புதிதாக எழுந்த பிரச்சினையா, அல்லது எப்போதும் இருக்கும் ஏற்ற இறக்கமா? சென்ற மாதத்தைவிட இந்த மாதம் அறுவை சிகிச்சைக் காயத் தொற்று இரண்டு கூடிவிட்டது என்று கூட்டத்தில் யாரேனும் சொன்னதும் எல்லோருடைய கவனமும் அங்கே திரும்பிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். 1924இல் பெல் தொலைபேசிக் குழுமத்தில் பணியாற்றிய புள்ளியியலாளர் வால்ட்டர் ஷூஹார்ட் கட்டுப்பாட்டு வரைபடத்தை உருவாக்கியது இந்தக் கேள்விக்காகவே. அது கடினமாகத் தோன்றினால் அதன் எளிய உறவான ஓட்ட வரைபடம் போதும். மாதந்தோறும் கிடைக்கும் எண்களைப் புள்ளிகளாக வைத்து, நடுவே இடைநிலை அளவை (எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தினால் சரிநடுவில் வருவதை) கோடாக வரைந்து, அந்தக் கோட்டின் ஒரே பக்கத்தில் தொடர்ந்து 6 அல்லது அதற்கு மேற்பட்ட புள்ளிகள் விழுந்தாலோ, 5 அல்லது அதற்கு மேற்பட்ட புள்ளிகள் தொடர்ந்து ஏறிக்கொண்டோ இறங்கிக்கொண்டோ இருந்தாலோதான் ஏதோ மாறியிருக்கிறது என்று கொள்ள வேண்டும். இரண்டு மாதத்து எண்களை ஒப்பிட்டுச் செவிலியரைக் கூப்பிட்டு விளக்கம் கேட்பதால் யாருக்கும் நன்மையில்லை.

அரிதாக நிகழும், ஆனால் உயிருக்கு உலைவைக்கும் ஆபத்துகளுக்கு எஃப்.எம்.இ.ஏ. என்று சுருக்கமாக அழைக்கப்படும், தவறக்கூடிய வழிகளையும் அவற்றின் விளைவுகளையும் முன்கூட்டியே ஆராயும் முறை இருக்கிறது. 1949இல் அமெரிக்க ராணுவத்தின் செயல்முறை ஆவணமாகப் பிறந்து, விண்வெளி, மோட்டார் வாகனம் என்று சுற்றிவிட்டு மருத்துவமனைக்கு வந்த கருவி இது. ஒரு செயலைப் படிப்படியாகப் பிரித்து எழுதி, ஒவ்வொரு படியிலும் எது எவ்வாறு தவறக்கூடும் என்று கேட்டு, தீவிரம், நிகழும் வாய்ப்பு, கண்டறியும் தன்மை ஆகிய மூன்றுக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண் இட்டுப் பெருக்குவார்கள், கிடைப்பது ஆர்.பி.என். எனப்படும் இடர் முன்னுரிமை எண். மூன்றாவது மதிப்பெண்ணின் திசை தலைகீழானது என்பதைப் பயிற்சியில் ஒன்றுக்கு இரண்டு முறை சொல்ல வேண்டியிருக்கிறது: எளிதில் கண்டறியக்கூடிய தவறுக்கு 1, கண்டறியவே முடியாத தவறுக்கு 10.

இந்தப் பெருக்கல்மேல் எனக்கு நெடுநாளாகவே நம்பிக்கை இல்லை, காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். தீவிரம் 9, வாய்ப்பு 2, கண்டறிதல் 3 என்றால் விடை 54. தீவிரம் 3, வாய்ப்பு 6, கண்டறிதல் 3 என்றாலும் விடை 54தான். முதலாவது மரணத்துக்கு அருகில் கொண்டுபோகும் தவறு. இரண்டாவது எரிச்சலூட்டும் தவறு. இடர் முன்னுரிமை எண் இரண்டையும் ஒரே இடத்தில் நிறுத்துகிறது. 1, 2, 3 என்ற மதிப்பெண்கள் இங்கே தரவரிசையைத்தான் குறிக்கின்றன. 8 என்பது 4ஐப்போல இருமடங்கு தீமை என்று யாரும் அளந்து சொல்லவில்லை. அப்படிப்பட்ட எண்களைப் பெருக்கி வரும் விடையை அளவாக எடுத்துக்கொள்ள முடியாது. மேலும் 1 முதல் 1,000 வரையுள்ள எண்களில் இந்தப் பெருக்கலால் கிடைக்கக்கூடியவை 120 மட்டுமே. மோட்டார் வாகனத் துறையே 2019இல் வெளியிட்ட தன் கையேட்டில் இந்தப் பெருக்குத்தொகையைக் கைவிட்டு, தீவிரத்தை முன்னிறுத்தும் செயல் முன்னுரிமை அட்டவணைக்கு மாறிவிட்டது. மருத்துவமனைகள் இன்னும் பழைய பெருக்கலைப் பிடித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறையின் நோயாளர் பாதுகாப்பு மையம் மருத்துவத்துக்கென்றே திருத்தியமைத்த வடிவம் எனக்கு அதைவிடப் பொருத்தமாகப் படுகிறது. அதில் தீவிரத்துக்கு 4, வாய்ப்புக்கு 4 என்று இரண்டே அளவுகள். பெருக்கினால் அதிகபட்சம் 16. விடை 8 அல்லது அதற்கு மேல் இருந்தால் அடுத்த கட்டத்துக்குப் போகிறோம். விடை 8க்குக் கீழே இருந்தாலும் விட்டுவிடுவதில்லை என்பதுதான் இதன் சிறப்பு: இந்த ஒரு படி தவறினாலே மொத்தச் செயலும் குலைந்துவிடுமா என்று கேட்டு, ஆம் என்றால் அதையும் பட்டியலில் வைத்துக்கொள்கிறோம். அதன்பின், இதைத் தடுக்க ஏற்கெனவே ஏற்பாடு இருக்கிறதா, தவறு நேரும்போதே கண்ணுக்குப் புலப்பட்டுவிடுமா என்று கேள்விகள் தொடர்கின்றன. கண்டறியும் தன்மை இங்கே ஒரு மதிப்பெண்ணாகக் கரைந்துபோகாமல் தனிக் கேள்வியாகவே நிற்கிறது.

அந்தக் கேள்வி எவ்வளவு முக்கியமானது என்பதற்குப் பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கே சான்று. குழந்தை பிறந்த உடனே, கருப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்ஸிடோசின் மருந்து 10 யூனிட் தசையில் போட்டாகிவிட்டது, விரிப்பில் ரத்தம் ஊறுகிறது, பஞ்சிலும் துணியிலும் கொஞ்சம், கிண்ணத்தில் கொஞ்சம். எவ்வளவு போயிருக்கிறது என்று செவிலியர் கண்ணால்தான் மதிப்பிடுகிறார். கண்மதிப்பு பெரும்பாலும் உண்மையைவிடக் குறைவாகவே இருக்கும். 500 மில்லியைத் தாண்டியது தெரியும்போது நேரம் கடந்திருக்கும். இந்தப் பிரச்சினையை எண்ணிக்கைப் பதிவேட்டில் தேடினால் கிடைக்காது, ஏனெனில் கண்டறியப்படாத ரத்தப்போக்கு எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளில் 80 மருத்துவமனைகளில், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்தப்பட்டு 2023இல் வெளியான இ-மோட்டிவ் ஆய்வில், அளவுக்கோடுகள் போட்ட பிளாஸ்டிக் விரிப்பில் ரத்தத்தைச் சேகரித்து அளந்து, உடனே செய்ய வேண்டிய சிகிச்சைகளை ஒரே தொகுப்பாகக் கொடுத்தபோது, ரத்தப்போக்கு கண்டறியப்பட்ட விகிதம் 93.1 விழுக்காடாக இருந்தது. வழக்கமான முறையில் அது 51.1 விழுக்காடு. கடும் ரத்தப்போக்கு, அதற்காக வயிற்றைத் திறந்து செய்யும் அறுவை, அதனால் மரணம் ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்று நேர்வது வழக்கமான முறையில் 4.3 விழுக்காடாகவும் புதிய முறையில் 1.6 விழுக்காடாகவும் இருந்தது. எண்ணிக்கையை மட்டுமே நம்பும் குழு, கண்டறியும் பணியை மேம்படுத்திய முதல் மாதத்தில் ரத்தப்போக்குகள் கூடிவிட்டன என்று அஞ்சிப் பின்வாங்கக்கூடும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த ஏற்றம் நல்ல செய்தி.

ஒரு வார்டின் அளவில், நான்கைந்து பேர் கொண்ட குழு தன் முதல் திட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போது மேற்சொன்னவை எல்லாம் பாரமாகிவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் தென்கிழக்காசிய அலுவலகம் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையுடன் சேர்ந்து உருவாக்கிய பயிற்சித் தொகுப்பு இதற்கென ஓர் எளிய அட்டவணையைத் தருகிறது. நோயாளியின் நலனுக்கு முக்கியமா, நேரத்துக்கும் பணத்துக்கும் கட்டுப்படியாகுமா, எளிதில் அளக்க முடியுமா, குழுவின் கைக்குள் இருக்கிறதா என்ற நான்கு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டினால் 4 முதல் 20 வரை. பெருக்கல் இல்லை என்பதே ஒரு நிம்மதி. பிறந்த குழந்தையின் உடல் வெப்பம் 36.5 டிகிரிக்குக் கீழே இறங்குவது என்ற பிரச்சினைக்கு இந்த அட்டவணையை நிரப்பினால் 4, 5, 5, 5 என்று 19 வரை போகும்: துடைக்கும் துணி, தாயின் மார்போடு அணைத்து வைத்தல், மின்விசிறியை நிறுத்துதல், வெப்பமானி எல்லாமே வார்டுக்குள் இருப்பவை. புதிய குழு இதில் தொடங்குவது நல்லது. சில வாரங்களில் பலன் தெரியும், நம்பிக்கை பிறக்கும்.

அதே அட்டவணையில், இரவில் ரத்தம் கிடைக்கத் தாமதமாகிறது என்பதை இட்டுப் பாருங்கள். முக்கியத்துவம் 5, செலவு 2, அளப்பது 4, குழுவின் கை 1, ஆக 12. அடுத்த முறை கூடினாலும் 12தான். உயிர்காக்கும் பிரச்சினை ஒன்று, வார்டு செவிலியரின் அதிகாரத்துக்கு வெளியே இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக, ஒவ்வொரு முறையும் தோற்றுக்கொண்டே இருக்கும். இந்த அட்டவணையைக் குறைசொல்வதற்காக இதை எழுதவில்லை. அது சொல்வது இந்தக் குழு இந்த மாதம் என்ன செய்யலாம் என்பதை மட்டுமே. மருத்துவமனை என்ன செய்ய வேண்டும் என்பது அதன் கேள்வி அல்ல. ஆகவே முக்கியத்துவத்தில் 5 பெற்று, குழுவின் கையில் 1 அல்லது 2 பெற்றவற்றை வேறொரு தாளில் பிரித்தெழுதி, யாருக்கு, எந்தத் தேதிக்குள் என்று குறித்து, கண்காணிப்பாளர் தலைமையிலான தரக் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்று எல்லா வகுப்புகளிலும் வற்புறுத்துகிறேன். இந்த இரண்டாவது தாள் இல்லாத இடங்களில், முன்னுரிமைப் பயிற்சி என்பது பெரிய பிரச்சினைகளை மரியாதையாக ஒதுக்கிவைக்கும் வழியாகவே முடிந்துவிடுகிறது.

மாவட்டம், வட்டாரம் போன்ற பெரிய அளவில் எந்த நோய்க்கு முதலிடம் என்று தீர்மானிக்க வேண்டியிருந்தால் ஹேன்லன் முறை உதவும். பிரச்சினையின் பரப்போடு தீவிரத்தின் இருமடங்கைக் கூட்டி, தீர்வின் பயன்திறனால் பெருக்குவார்கள். அதோடு தகுதி, பொருளாதாரம், மக்களின் ஏற்பு, வளங்கள், சட்டம் ஆகிய ஐந்தும் வாயிற்காவலாக நிற்கும். வார்டுக்கு இது தேவைப்படாது.

மீன்முள் வரைபடத்தைப் பற்றியும் ஒரு சொல். பிரச்சினையைத் தலையாகவும் அதன் காரணங்களை முட்களாகவும் வரையும், ஜப்பானியத் தர வல்லுநர் கவோரு இஷிகாவா தந்த அந்த அருமையான கருவியை முன்னுரிமைக்காகப் பயன்படுத்தும் பழக்கம் பரவியிருக்கிறது. நிறைய முட்கள் முளைத்த மீன் பெரிய பிரச்சினை என்று எண்ணிக்கொள்கிறார்கள். அது பிரச்சினையைத் தேர்ந்தெடுத்த பிறகு காரணங்களைத் தேடுவதற்கானது. முட்களின் எண்ணிக்கை, அன்று அறையில் இருந்தவர்கள் எவ்வளவு பேசினார்கள் என்பதைத்தான் காட்டும்.

எந்தக் கருவியானாலும் மதிப்பெண்ணை யார் இடுகிறார்கள் என்பது கருவியைவிடப் பெரிய கேள்வி. ஒரு மருத்துவமனையில் கூட்டம் தொடங்கியதும் மூத்த மருத்துவர் ஒருவர் கருவிகள் போதவில்லை என்பதே முதல் பிரச்சினை என்று சொல்லிவிட்டார். அதன்பின் மேசையைச் சுற்றி அமர்ந்திருந்த அனைவரும் அதையே வேறு சொற்களில் சொன்னார்கள். பெயரில்லாச் சீட்டு கொடுத்து, பேசாமல், ஆளுக்கு மூன்று குறைகள் எழுதச் சொன்னபோது வந்தவை வேறு. இரவுப் பணியில் இருக்கும் செவிலியர், அவசர மருந்து அலமாரியின் சாவி பகல் பணியாளரிடம் இருப்பதாக எழுதியிருந்தார். துப்புரவுப் பணியாளர், பிரசவ அறைக்கும் கழிவறைக்கும் ஒரே துடைப்பான்தான் தரப்படுகிறது என்று சொல்லி எழுதச் செய்திருந்தார். முதலில் மௌனமாக எழுதுதல், பின்பு வரிசையாக ஒவ்வொன்றாகப் படித்தல், ஐயம் தெளிதல், இறுதியில் ரகசிய வாக்கு என்ற இந்த ஒழுங்குக்குப் பெயரளவுக் குழு முறை என்று பெயர். செலவு இல்லாதது, அரை மணி நேரத்தில் முடிவது. பதவியில் மேலிருப்பவர் கடைசியில் வாக்களிக்க வேண்டும் என்ற விதியை மட்டும் நான் கூடுதலாகச் சேர்த்துக்கொள்கிறேன்.

நோயாளிகளும் உறவினர்களும் இந்த அறைக்குள் இல்லை என்பது இன்னும் தீராத குறை. புகார்ப்பெட்டியில் விழும் சீட்டுகளை வைத்து மட்டும் அவர்களின் குரலைக் கேட்டுவிட்டதாகக் கொள்ள முடியாது. எழுதத் தெரியாதவர்களும், மறுபடியும் இதே மருத்துவமனைக்குத்தானே வர வேண்டும் என்று அஞ்சுபவர்களும் எழுதுவதில்லை. வீடு திரும்பும் நாளில் தாயிடமும் உடனிருந்தவரிடமும், வார்டில் பணியாற்றாத ஒருவர் ஐந்து நிமிடம் உட்கார்ந்து கேட்டு வந்தால், குழுவின் பட்டியலில் இல்லாத ஒன்றாவது கிடைக்கும்.

கூட்டக் குறிப்பேட்டில், தேர்ந்தெடுத்த பிரச்சினையோடு சேர்த்து, எந்தக் கருவியைப் பயன்படுத்தினோம், ஏன் அதை, எந்த மாதங்களின் தரவு, யார் யார் மதிப்பெண் இட்டார்கள், இரண்டாம் மூன்றாம் இடத்தில் நின்றவை எவை, அவற்றை எந்தத் தேதியில் மீண்டும் பார்ப்போம் என்பவற்றையும் எழுதிவைக்கச் சொல்கிறேன். பொறுப்புச் செவிலியர் இடமாறுதலில் போய்விட்டாலும், புதிதாக வருபவர் பட்டியலை முதலிலிருந்து தொடங்காமல் அந்தப் பக்கத்திலிருந்தே தொடரலாம். ஓட்ட வரைபடம் புதிய நிலையில் நிலைத்துவிட்டது என்று தெரிந்ததும் பழைய மதிப்பெண்களை அப்படியே எடுக்காமல் புதிதாக இட வேண்டும். முதல் பிரச்சினையைத் தீர்க்க வைத்த ஏற்பாடுகளே மற்றவற்றின் வாய்ப்பையும் கண்டறியும் தன்மையையும் மாற்றியிருக்கும்.